குளோசபின் மாத்திரை: வீட்டார் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

மனச்சிதைவு நோய்க்கான மருந்துகளில் குளோசபினுக்குத் தனி இடம் உண்டு. மற்ற மாத்திரைகள் கைவிட்ட பலரை இதுதான் மீட்டிருக்கிறது. ஆனால் "அது ரத்தத்தைக் கெடுக்குமாமே" என்ற பேச்சைக் கேட்டதும் பெரும்பாலான வீடுகளில் கால் பின்வாங்குகிறது. மனநலப் பிரிவு மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. சீட்டை நீட்டும் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் கேட்பவற்றையே இங்கே தொகுத்திருக்கிறேன். இதிலுள்ள அளவுகள் மருத்துவர் எழுதியதைப் புரிந்துகொள்வதற்கானவை. அவற்றைப் பார்த்து வீட்டில் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

குளோசபின் யாருக்குத் தரப்படுகிறது?

முதன்மையாக, மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்கு. இரண்டு வெவ்வேறு மருந்துகளை, ஒவ்வொன்றையும் போதிய அளவில் குறைந்தது ஆறு வாரமாவது ஒழுங்காகச் சாப்பிட்டும் மாயக்குரல்களும் வீண் சந்தேகங்களும் அடங்கவில்லை என்றால், அடுத்து நினைக்க வேண்டிய மருந்து இது. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அந்த நிலையில் இருக்கிறார். அவர்களில் பலருக்கு ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், ஊசி, மறுபடி வேறொரு மாத்திரை என்று ஆண்டுகள் கரைந்த பிறகே குளோசபின் கிடைக்கிறது. படிப்பும் வேலையும் போய், உறவுகளும் விலகிய பிறகு கிடைக்கும் மருந்து, பாதி மருந்துதான். ஆகவே "இரண்டு மருந்துகளைப் பார்த்துவிட்டோம், குளோசபின் தரலாமா டாக்டர்?" என்று நீங்களே கேட்கலாம். அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

தற்கொலை எண்ணம் தொடர்ந்து வரும் மனச்சிதைவு நோயாளிகளுக்கும் இது தரப்படுகிறது. 980 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், ஒலான்சபின் எடுத்தவர்களைவிடக் குளோசபின் எடுத்தவர்களிடம் தற்கொலை முயற்சிகள் குறைவாக இருந்தன. அதன் அடிப்படையில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2002இல் இந்தப் பயன்பாட்டையும் ஏற்றது. பார்க்கின்சன் நோயில் மாயத்தோற்றங்கள் தோன்றும்போதும் குளோசபின் உதவும். அங்கே அளவு மிகச் சிறியது. 6.25 மில்லிகிராமில் தொடங்கி, பெரும்பாலும் 50ஐத் தாண்டாது.

இவ்வளவு நல்ல மருந்தை ஏன் முதலிலேயே தருவதில்லை?

இதன் கடந்த காலமே காரணம். 1950களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்த வாண்டர் நிறுவனத்தில் உருவான மருந்து இது. கை நடுக்கமும் உடல் இறுக்கமும் அதிகம் தராமல் நோயைக் கட்டுப்படுத்தியதால் ஐரோப்பிய மருத்துவர்கள் வியந்து வரவேற்றார்கள். 1975இல் ஃபின்லாந்தில் இதை எடுத்துக்கொண்டிருந்த சிலருக்கு வெள்ளணுக்கள் அடியோடு குறைந்து, தொற்று ஏற்பட்டு உயிரிழந்தார்கள். பல நாடுகளில் மருந்து ஓரங்கட்டப்பட்டது.

1988இல் அமெரிக்காவில் ஜான் கேன் தலைமையில் வெளியான ஆய்வு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. வேறு மருந்துகளுக்கு மசியாத 268 பேரில் பாதிப் பேருக்குக் குளோசபினும் மீதிப் பேருக்குப் பழைய மருந்தான குளோர்ப்ரோமசினும் ஆறு வாரம் தரப்பட்டன. குளோசபின் பிரிவில் 30 விழுக்காட்டினர் தேறினார்கள், மற்றதில் வெறும் 4 விழுக்காட்டினர். ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்ற நிபந்தனையோடு 1989இல் அங்கே அனுமதி கிடைத்தது. இன்றும் இந்த மருந்தோடு பரிசோதனைச் சீட்டும் சேர்ந்தே வருவதற்கு ஃபின்லாந்தில் நடந்ததுதான் காரணம்.

எந்த அளவில் தொடங்குவார்கள்? எப்படி ஏற்றுவார்கள்?

25, 50, 100 மில்லிகிராம் மாத்திரைகள் கிடைக்கின்றன. முதல் நாள் 12.5 மில்லிகிராம், அதாவது 25 மாத்திரையில் பாதி. அதைப் பார்த்துவிட்டு "பெரிய நோய்க்கு அரை மாத்திரையா?" என்று கேட்காதவர் இல்லை. ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி மயங்கி விழாமலும், இதயம் அதிர்ச்சி கொள்ளாமலும் இருக்கத்தான் இந்த நிதானம்.

மருந்தோடு வரும் குறிப்பேட்டின்படி நாளுக்கு 25 முதல் 50 மில்லிகிராம் வரை கூட்டி, இரண்டு வார முடிவில் 300 முதல் 450 வரை கொண்டுபோகலாம். உச்சவரம்பு நாளுக்கு 900. நடைமுறையில் நம் மருத்துவர்கள் பலர் இதைவிட மெதுவாகவே ஏற்றுகிறார்கள், அதுதான் சரி. அளவு கூடிய பிறகு பெரும்பகுதியை இரவில் தருவார்கள், ஏனெனில் தூக்கக் கலக்கம் பலமாக இருக்கும். காலையில் எழும்போது கட்டிலில் சற்று உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

தெரிந்தவர் ஒருவருக்கு வெளிநாட்டில் 500 கொடுக்கிறார்கள். என் மகனுக்கு 200தான். குறைத்துக் கொடுக்கிறார்களா?

இல்லை. ஒரே அளவு மாத்திரை எல்லோருடைய ரத்தத்திலும் ஒரே அளவில் நிற்பதில்லை. கல்லீரல் இந்த மருந்தைச் சிதைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆசிய வம்சாவளியினரிடம் அது பொதுவாக மெதுவாக நடக்கிறது. பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பாகிஸ்தானிலிருந்து ஜப்பான் வரையிலான ஆசியர்களுக்கு 175 முதல் 300 மில்லிகிராம் போதும் என்கிறது. பெண்களுக்கும் புகைக்காதவர்களுக்கும் குறைந்த அளவு, புகைக்கும் ஆண்களுக்கு அதிக அளவு என்று அதற்குள்ளும் வேறுபாடு உண்டு.

ஐயம் இருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவையே சோதிக்கலாம். இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 350 நானோகிராம் என்பது பலன் எதிர்பார்க்கும் எல்லை. இந்த வசதி எல்லா ஊர்களிலும் இல்லை. பெரிய நகரங்களின் ஆய்வகங்களில் விசாரியுங்கள்.

ரத்தப் பரிசோதனையை எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும்? அறிக்கையில் எதைப் பார்ப்பது?

பரவலான முறை இது: முதல் ஆறு மாதம் வாரம் ஒருமுறை, அடுத்த ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. பிரிட்டனில் வாரப் பரிசோதனை 18 வாரங்களோடு முடிகிறது, ஏனென்றால் ஆபத்து மிகுந்த காலம் அதுதான். ரத்த அறிக்கையைப் பதிவேட்டில் சேர்த்தால்தான் மருந்து என்றிருந்த கட்டாயப் பதிவு முறையை அமெரிக்காவில் 2025இல் நீக்கிவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு "இனிப் பரிசோதனை வேண்டாமாம்" என்று வந்தவர்கள் உண்டு. நீங்கியது பதிவு நிபந்தனை மட்டும், பரிசோதனை அங்கேயும் தொடர்கிறது.

நம் ஆய்வகங்கள் மொத்த வெள்ளணுக்களை எண்ணாகவும், அவற்றில் தொற்றை எதிர்க்கும் ஒரு வகையான நியூட்ரோஃபிலை விழுக்காடாகவும் தருவார்கள். இரண்டையும் பெருக்க வேண்டும். மொத்தம் 6,000, நியூட்ரோஃபில் 55 விழுக்காடு என்றால் 3,300. இந்த எண் 1,500க்கு மேல் இருந்தால் மருந்தைத் தொடங்கலாம், தொடரலாம். 1,500க்குக் கீழே வந்தால் உடனே மருத்துவரிடம் பேச வேண்டும், பரிசோதனை வாரம் மூன்று முறையாகும். 1,000க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்துவார்கள். பரிசோதனையே இல்லாத நிலையில்கூட வெள்ளணுக்கள் அபாயகரமாகக் குறைவது ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குத்தான். ஒழுங்காகப் பரிசோதித்தால் அதனால் உயிர் போவது மிக மிக அரிது. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துத் தேதியும் எண்ணும் எழுதி வாருங்கள். மருத்துவர் மாறினாலும் அந்த நோட்டு பேசும்.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

குளோசபின் எடுப்பவருக்கு வரும் காய்ச்சலைப் பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்கக் கூடாது. காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் எது வந்தாலும் அன்றே சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை, எடுக்க வேண்டும். டெங்கு பரவும் மாதங்களில் இன்னொரு குழப்பம் சேரும். டெங்குவும் வெள்ளணுக்களைக் குறைக்கும். காய்ச்சலைப் பார்க்கும் மருத்துவரிடம் "இவர் குளோசபின் சாப்பிடுகிறார்" என்று சொல்லாமல் விட்டால், எல்லாம் டெங்கு கணக்கில் போய்விடும்.

தொடங்கிய முதல் நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் காய்ச்சலோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், படபடப்பு, அளவு மீறிய அசதி வந்தால் அது இதயத் தசை அழற்சியாக இருக்கலாம். அரிதானது, ஆனால் காத்திருக்கக் கூடாதது. அன்றே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜியும், ட்ரோபோனின், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகளும் பார்க்க வேண்டும். வேறொன்றும் உண்டு. கடுமையான தொற்று வரும்போது கல்லீரல் இந்த மருந்தைச் சிதைப்பது மந்தமாகி, அதே மாத்திரை ரத்தத்தில் மிகுதியாகச் சேரும். நிமோனியாவில் படுத்தவர் எழுப்பினாலும் எழாமல் தூங்குகிறார் என்றால் மருந்தின் அளவைப் பற்றியும் கேளுங்கள்.

மலச்சிக்கல் எல்லோருக்கும் வருவதுதானே?

குளோசபினைப் பொறுத்தவரை இந்த எண்ணம்தான் ஆபத்து. எல்லோரும் ரத்தத்தைப் பார்த்து அஞ்சுகிறார்கள், குடலை மறந்துவிடுகிறார்கள். இந்த மருந்து குடலின் அசைவையே மந்தப்படுத்துகிறது. சிலருக்கு அசைவு நின்று, குடல் அடைத்து, அழுகி, உயிர் போகிறது. வெள்ளணுக்கள் குறைந்து இறப்பவர்களைவிடக் குடல் அடைத்து இறப்பவர்களே அதிகம் என்று பல நாடுகளின் பதிவுகள் காட்டுகின்றன. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020இல் இதற்கென்றே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. வெள்ளணுக்களுக்கு வாரப் பரிசோதனை உண்டு. குடலுக்கு வீட்டார் கேட்கும் கேள்வியைத் தவிர வேறு பரிசோதனை இல்லை. தயங்காமல் கேளுங்கள்: "இன்றைக்கு வெளிக்குப் போனாயா?"

மருந்து தொடங்கும்போதே மலமிளக்கியும் சேர்த்துத் தருவது நல்ல நடைமுறை. லாக்டுலோஸ், பைசகோடில், சென்னா போன்றவற்றில் ஒன்றை மருத்துவர் எழுதுவார். சென்னா என்பது நம் நிலவாகைதான். திருநெல்வேலிச் சீமையில் விளைந்து உலகெங்கும் அந்த ஊர்ப் பெயரிலேயே விற்கப்படும் இலை. ஆனால் சூரணத்தை நாமாக அள்ளிப் போடாமல் அளவைக் கேட்டுத் தர வேண்டும். வீட்டுப் பழக்கமான இசப்கோல் இங்கே பொருந்தாது. அசையாத குடலில் அது கட்டியாகத் தங்கிவிடக் கூடும்.

இன்னொன்றையும் பாருங்கள். பழைய மருந்துகளின் நடுக்கத்துக்காகத் தந்த டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை, பலர் 'பேசிட்டேன்' என்று கேட்டு வாங்குவது, குளோசபினுக்கு மாறிய பிறகும் சீட்டில் தொடர்ந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் அது இனித் தேவைப்படாது, மலச்சிக்கலை மேலும் முற்றவைக்கும். சீட்டில் இருந்தால் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

மூன்று நாள் மலம் போகவில்லை, வயிறு உப்பி வலிக்கிறது, வாந்தி வருகிறது என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போங்கள்.

இரவில் தலையணை நனைகிறது. எச்சில் ஏன் இப்படி ஊறுகிறது?

குளோசபினுக்கே உரிய தொல்லை இது. ஒருக்களித்துப் படுப்பதும் தலையணைமேல் துண்டு விரிப்பதும் உதவும். மிகுதியாக இருந்தால் மருத்துவர் அளவைக் குறைக்கலாம், கிளைகோபைரோலேட் போன்ற மருந்து தரலாம். அதுவும் மலச்சிக்கலைக் கூட்டும் என்பதால் குடலைக் கவனித்தபடிதான் தர முடியும். எச்சில் புரையேறி இருமல் நிற்காவிட்டால் சொல்லுங்கள், நிமோனியாவுக்கு அது வழி.

எடையும் சர்க்கரையும் கூடுமா?

கூடும். பசி அதிகரிக்கும். தொடங்கும் முன் எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு பார்த்து, மூன்று மாதத்தில் மறுபடியும், பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். எடை ஏறத் தொடங்கும்போதே மெட்ஃபார்மின் சேர்க்கும் மருத்துவர்கள் உண்டு. சர்க்கரை இல்லாதவருக்கு ஏன் சர்க்கரை மாத்திரை என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஊருக்குப் போனபோது இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போனது. விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விதியை மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகு 48 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால், பழைய அளவை அப்படியே தரக் கூடாது. 300 மில்லிகிராம் எடுத்துக்கொண்டிருந்தவராக இருந்தாலும் மறுபடியும் 12.5இலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டே நாளில் உடல் அந்தப் பழக்கத்தை இழந்துவிடும். பழைய அளவை ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரியலாம், வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு நின்றுபோகவும் கூடும். மருத்துவரை அழைத்துப் பேசியே தொடங்குங்கள். உடல் ஏற்றுக்கொண்டால் இம்முறை அளவைச் சற்று விரைவாக ஏற்றுவார்.

ஒரே ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையை வழக்கம்போல் தாருங்கள். இரண்டாகச் சேர்த்துத் தர வேண்டாம். பொங்கல், தீபாவளி விடுமுறைகளுக்கு முன்பே மாத்திரை வாங்கி வையுங்கள். சிறிய ஊர்க் கடைகளில் இது இருப்பில் இருக்காது. அட்டையைக் கைப்பையில் வையுங்கள், பேருந்தின் மேல்தட்டில் போகும் பெட்டியில் வேண்டாம்.

பீடி, காபி, மற்ற மருந்துகள்?

புகையிலை எரியும் புகை, குளோசபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடும். நிகோட்டினுக்கு இதில் பங்கில்லை. ஆகவே பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு மருந்து விரைவில் கரையும், அதிக அளவு தேவைப்படும். அவர் திடீரென்று நிறுத்தினால், ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்து பாதியளவோ அதற்கு மேலோ கூடிவிடலாம். மருத்துவமனையில் சேர்க்கும்போதும், மலைக்கு மாலை போட்டுப் புகையை விடும்போதும் இது நடக்கும். புகைப்பதை நிறுத்துவது நல்லது, மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிறுத்துவது இன்னும் நல்லது. காபி எதிர்ப்பக்கம் வேலை செய்யும், மருந்தைத் தேக்கி வைக்கும். தினம் இரண்டு டம்ளர் என்றால் அப்படியே இருக்கட்டும். திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின், குளோசபினின் அளவை ஆபத்தாக உயர்த்தும். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவோக்சமைன் பல மடங்கு உயர்த்தும். வலிப்பு மருந்தான கார்பமசபைன் வெள்ளணுக்களையும் பாதிக்கக்கூடியது என்பதால் சேர்க்கவே மாட்டார்கள். மது வேண்டாம். 600 மில்லிகிராமுக்கு மேல் போகும்போது வலிப்பு வாய்ப்பு கூடும். கையிலிருக்கும் பொருள் துள்ளி விழுவதுபோலத் திடீர் உதறல்கள் தெரிந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அவன் மாத்திரையே போட மாட்டேன் என்கிறான். சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் தாய்மார்களின் களைப்பு எனக்குத் தெரியும். ஆனாலும் குளோசபினைக் கலந்து கொடுக்காதீர்கள். ஒரு நாள் முழுத் தட்டையும் சாப்பிடுவார், மறுநாள் தொடவே மாட்டார். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாத நிலையில் 48 மணி நேர விதியைக் கடைப்பிடிக்க முடியாது. வாராவாரம் ரத்தம் கொடுக்க அவருடைய சம்மதம் வேண்டும். தனக்கு என்ன தருகிறார்கள் என்று அறியாதவர், நெஞ்சு வலியையும் மலச்சிக்கலையும் மருந்தோடு சேர்த்துப் பார்த்துச் சொல்லவும் முடியாது. ஏற்கெனவே "எனக்கு விஷம் வைக்கிறார்கள்" என்று அஞ்சுபவர் இதைக் கண்டுபிடித்தால், பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் சம்மதத்தோடு சிகிச்சை தருவதையே அடிப்படையாகக் கொள்கிறது. சம்மதம் தர இயலாத நிலையில் இருந்தால், நியமிக்கப்பட்ட பிரதிநிதியின் ஆதரவோடு மருத்துவமனையில் சேர்த்து முறைப்படி தொடங்க வழி உண்டு. அந்த வழியைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

என் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. கர்ப்பம் தரிக்கலாமா?

தரிக்கலாம், திட்டமிட்டுச் செய்ய வேண்டும். ரிஸ்பெரிடோன் போன்றவற்றால் மாதவிலக்கு நின்றிருந்த பெண்களுக்குக் குளோசபினுக்கு மாறியதும் அது திரும்பி வரும். கருத்தரிக்கும் வாய்ப்பும் சேர்ந்தே திரும்பும். இதை யாரும் சொல்லாததால் எதிர்பாராத கர்ப்பங்கள் நேர்கின்றன. கர்ப்பம் தெரிந்ததும் பயந்து மாத்திரையை நிறுத்த வேண்டாம், நோய் சீறிக் கிளம்பும். மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் கலந்து முடிவெடுக்கட்டும். கர்ப்பகாலச் சர்க்கரையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். குளோசபின் எடுக்கும்போது தாய்ப்பால் தருவது பரிந்துரைக்கப்படுவதில்லை.

எப்போது குணம் தெரியும்? எத்தனை ஆண்டு சாப்பிட வேண்டும்?

சரியான அளவை எட்டிய பிறகு ஆறு முதல் பன்னிரண்டு வாரம். சிலருக்கு ஆறு மாதம்வரை மெல்ல மெல்லத் தெளிவு வரும். முதலில் தூக்கம் சீராகும், கோபம் தணியும். குரல்கள் பிறகே ஓயும், சிலருக்கு முழுதாக ஓயாமல் தொலைவுக்குப் போகும். பலன் தந்தால் ஆண்டுக்கணக்கில் தொடர்வது வழக்கம். திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பலாம். போதிய பலன் இல்லையென்றால் இன்னொரு மருந்தைச் சேர்ப்பதும் மின் அதிர்வுச் சிகிச்சையும் இருக்கின்றன.

வயதான தாத்தாவுக்கு மறதி நோய், இரவெல்லாம் தூங்குவதில்லை. கொஞ்சம் தரலாமா?

கூடாது. இது தூக்க மாத்திரை அல்ல. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் எல்லாமே இறப்பு ஆபத்தைக் கூட்டுகின்றன. ஒருவருக்கு எழுதியதை வீட்டில் இன்னொருவருக்குத் தர வேண்டாம். பழக்கமில்லாத உடலுக்கு, அதுவும் குழந்தைகளுக்கு, ஒரு மாத்திரைகூடப் பெரும் ஆபத்து. பூட்டி வையுங்கள்.

நோயாளியின் சட்டைப் பையில் என்ன எழுதி வைக்கலாம்?

பெயர், "குளோசபின் எடுத்துக்கொள்கிறேன்" என்ற வரி, தினசரி அளவு, கடைசி நியூட்ரோஃபில் எண்ணும் தேதியும், மருத்துவரின் தொலைபேசி எண். அதன் கீழே: "காய்ச்சல் என்றால் உடனே சிபிசி. வயிறு உப்பினால் அவசரப் பிரிவு. 48 மணி நேரம் விட்டால் பழைய அளவு கூடாது." மனநல ஆலோசனைக்கு இந்தியாவில் டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் 1926. உயிருக்கு ஆபத்தான நிலையில் தமிழ்நாட்டில் 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸில் வருபவரிடம் முதல் வார்த்தையாகக் குளோசபின் பெயரைச் சொல்லுங்கள்.